தொண்ணூற்றொன்பது சதவீதம் என்னும் பொய்க்கால்

சென்ற இதழில் பத்துப் பக்கத்துக்கு நீண்ட அந்தக் கட்டுரையின் வாதத்தை நான்கு வரியில் சொல்லிவிடலாம். நியூரல் நெட்வொர்க் என்னும் கணினி நிரல் இலையின் படத்தைப் பார்த்து 99 சதவீதம் சரியாக நோயைச் சொல்கிறது. மீனின் படத்தைப் பார்த்து இனத்தைச் சொல்கிறது. எந்த மனிதராலும் இவ்வளவு சரியாகச் சொல்ல முடியாது. ஆகவே வயலுக்கு வரும் வேளாண் அலுவலரும், மீன் இறங்குதளத்தில் குறிப்பேட்டோடு நிற்கும் கணக்கெடுப்பாளரும் தண்டச் செலவு. அந்தச் சம்பளத்தை மிச்சப்படுத்தி ஆளுக்கொரு செயலியைக் கொடுத்துவிட்டால் போதும். முதல் மூன்றும் தவறு. தவறு மட்டும் என்றால் சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியிருக்கலாம். நான்காவது வரி அரசுக்குச் சொல்லும் யோசனையாக வந்திருப்பதால் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

முதலில் அந்த 99. கட்டுரையாளர் எண்ணைச் சொன்னார். அது எங்கே பிறந்தது என்று சொல்லவில்லை. தெரியாமல் விட்டாரா, தெரிந்தே விட்டாரா என்பது அவருக்கே வெளிச்சம். சரியாகச் சொன்னால் அது 99.35. 'ஃபிரான்டியர்ஸ் இன் பிளான்ட் சயின்ஸ்' என்ற ஆய்விதழில் 2016-இல் ஷரத மொஹந்தி, டேவிட் ஹியூஸ், மார்செல் சலாதே ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வில் வந்த எண். 'பிளான்ட்வில்லேஜ்' படத்தொகுப்பிலிருந்த 54,306 இலைப் படங்களை எடுத்துக்கொண்டார்கள். 14 பயிர்கள், 26 நோய்கள். பயிரையும் நோயையும் சேர்த்துப் பார்த்தால் 38 வகைகள். ஒரு பங்கு படங்களைக் காட்டி நெட்வொர்க்கைப் பழக்கினார்கள். அது பார்க்காத மீதிப் படங்களைக் காட்டிச் சோதித்தார்கள். நூற்றுக்கு 99.35 சரி. இதுவரை கட்டுரையாளர் சொன்னதில் பொய் இல்லை.

அதே ஆய்வில் இன்னொரு சோதனையும் இருக்கிறது. அந்த மூவரும் வேறு இடங்களில், வேறு சூழலில் எடுத்த படங்களைத் தேடிச் சேர்த்து, அதே நெட்வொர்க்கிடம் காட்டினார்கள். சரியான விடை 31 சதவீதம் சொச்சம். அதை அவர்கள் ஒளிக்கவில்லை. நிஜ உலகத்துக்குப் போக இன்னும் எவ்வளவு தூரம் இருக்கிறது என்று காட்டவே எழுதினார்கள். நம் கட்டுரையாளர் 99-ஐ எடுத்துக்கொண்டு 31-ஐ விட்டுவிட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை இது. குருட்டாம்போக்கில் சொன்னால் 38-இல் ஒன்று, அதாவது 2.6 சதவீதம்தான் சரியாக வரும். அதோடு ஒப்பிட்டால் 31 எவ்வளவோ மேல் என்பது உண்மை. ஆனால் மூன்று தடவைக்கு இரண்டு தடவை தவறாகச் சொல்பவரை எந்த ஊரில் நிபுணர் என்பார்கள்?

99 எப்படி 31 ஆயிற்று? படங்கள் எடுக்கப்பட்ட விதத்தைப் பார்த்தால் புரியும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் ஆராய்ச்சிப் பண்ணைகளில் இலையைப் பறித்து, சாம்பல் நிறத் தாள் மீதோ கறுப்புத் தாள் மீதோ வைத்து, ஒற்றை இலையாகப் படம் பிடித்தார்கள். ஒரே இலையைத் திருப்பித் திருப்பி எடுத்த படங்களும் உண்டு. காற்று இல்லை, களை இல்லை, பக்கத்து இலையின் நிழல் இல்லை, இலைமேல் சேறு இல்லை, மருந்து தெளித்த வெள்ளைத் தடம் இல்லை. வயலில் இப்படி ஒரு இலை எங்கே கிடைக்கும்?

அந்த 14 பயிர்களின் பட்டியலைக் கட்டுரையாளர் ஒரு தடவையாவது படித்துப் பார்த்திருக்கலாம். ஆப்பிள் இருக்கிறது. புளூபெரி இருக்கிறது. செர்ரி, பீச், ராஸ்பெரி, ஸ்ட்ராபெரி எல்லாம் இருக்கின்றன. நெல் இல்லை. வாழை இல்லை. நிலக்கடலை இல்லை, கரும்பு இல்லை, தென்னை இல்லை. காவிரி டெல்டா விவசாயிக்கு இனி வேளாண் அலுவலர் வேண்டாம் என்று பரிந்துரைக்க அவர் கொண்டுவந்த சான்று, நெல் பயிரையே கண்ணால் பார்க்காத ஒரு நெட்வொர்க்.

இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தால் வேடிக்கை அதிகம். அந்தத் தொகுப்பில் ஆரஞ்சுக்கு ஒரே ஒரு வகைதான்: பசுமையாக்க நோய் தாக்கிய இலை. 5,507 படங்கள், அத்தனையும் நோயாளி. நல்ல ஆரஞ்சு இலை ஒன்றுகூடக் கிடையாது. சோயாவில் இதற்கு நேர்மாறு: எல்லா இலையும் ஆரோக்கியம், நோய் என்ற பேச்சே இல்லை. உருளைக்கிழங்கின் நல்ல இலைக்கு 152 படங்கள் மட்டும். ஆக, இந்த நெட்வொர்க் அறிந்த உலகத்தில் நோயில்லாத ஆரஞ்சு மரம் கிடையாது. நோய் வந்த சோயாச் செடியும் கிடையாது. கொத்துக் கொத்தாய்க் காய்த்து நிற்கும் ஆரஞ்சு மரத்தின் இலையை அதனிடம் காட்டினால் சாவு ஓலைதான் எழுதித் தரும். அதற்கு வேறு எதுவும் எழுதத் தெரியாது. இப்படிப் பழக்கிய நெட்வொர்க் எந்தப் படத்தைக் கொடுத்தாலும் தனக்குத் தெரிந்த 38 பெயர்களில் ஒன்றைச் சொல்லியே தீரும். செருப்பைப் படம் எடுத்து அனுப்பினாலும் அதற்கு ஏதோ ஒரு நோய் இருக்கும்.

இதற்கும் மேலே ஒன்று உண்டு. 2022-இல் மெஹ்மத் அலிஜான் நோயன் என்ற ஆய்வாளர் இந்தத் தொகுப்பை எடுத்து ஒரு காரியம் செய்தார். ஒவ்வொரு படத்திலும் இலையை அடியோடு ஒதுக்கிவிட்டு, பின்னணித் தாளிலிருந்து வெறும் எட்டு பிக்சல்களை மட்டும் எடுத்தார். அந்த எட்டுப் புள்ளிகளின் நிறத்தை வைத்தே ஒரு மாடலைப் பழக்கினார். இலையை ஒரு துளியும் பார்க்காமலே அது 49 சதவீதம் சரியாக நோயைச் சொன்னது. எப்படி? ஒரு நோயின் படங்களை ஒரே நாளில், ஒரே வெளிச்சத்தில், ஒரே தாளின் மேல் வைத்து எடுத்திருந்தால், தாளின் நிறமே நோயின் பெயரைக் காட்டிக்கொடுத்துவிடும். அப்படியானால் 99-இல் எவ்வளவு இலையிலிருந்து வந்தது, எவ்வளவு தாளிலிருந்து வந்தது? கட்டுரையாளர் இதற்குப் பதில் சொல்லிவிட்டுப் பிறகு சம்பளத்தை மிச்சப்படுத்தட்டும்.

பழைய வினாத்தாள்களை மனப்பாடம் செய்து, அதே கேள்விகள் திரும்ப வந்த பரீட்சையில் நூற்றுக்கு 99 வாங்கிய மாணவனை நமக்குத் தெரியும். அவன் வாங்கிய மதிப்பெண் உண்மைதான். அதை வைத்து அவனிடம் பாலம் கட்டும் வேலையை யாரும் ஒப்படைப்பதில்லை. இங்கே கூத்து என்னவென்றால், அந்த விடைத்தாளைத் திருத்தியவரும் மனிதர்தான். ஒவ்வொரு படத்துக்கும் 'இது இந்த நோய்' என்று பெயர் எழுதிக் கொடுத்தவர்கள் தாவர நோய் வல்லுநர்கள். நெட்வொர்க்கின் விடை அவர்கள் எழுதிய பெயரோடு பொருந்தினால் சரி, பொருந்தாவிட்டால் தவறு. 99 சதவீதம் என்பதன் முழு அர்த்தமும் இவ்வளவுதான். இதை எடுத்துக்கொண்டு 'மனிதரைவிட மேல்' என்று எழுத எத்தனை துணிச்சல் வேண்டும்!

'படம் குறைவு என்பதுதானே குறை? படத்தைக் கூட்டினால் தீர்ந்துபோகும்' என்பது கட்டுரையாளரின் அடுத்த தாவல். கூட்டியவர்கள் என்ன கண்டார்கள் என்று பார்ப்போம். ஐஐடி காந்திநகரில் 'பிளான்ட்டாக்' என்ற தொகுப்பை உருவாக்கியவர்கள் சூழலோடு சேர்ந்த, நிஜமான பின்னணி கொண்ட படங்களைத் தேடிச் சேர்த்தார்கள். முடிவில் கிடைத்தவை 2,598. அவற்றுக்குக் குறியிட ஏறக்குறைய 300 மனித மணிநேரம் பிடித்தது. தான்சானியாவில் மரவள்ளி நோய்களுக்காக மொபைலில் இயங்கும் ஒரு மாடலை 2019-இல் சோதித்தபோது, நோய்க்குறி பளிச்சென்று தெரிந்த செடிகளிலேயே வயலுக்குப் போனதும் எஃப்-1 என்ற அளவு (தவறவிட்டவை, பொய் எச்சரிக்கை இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது) 32 சதவீதம் சரிந்தது. காரணம், நோய் இருந்தும் இருப்பதாகச் சொல்லாமல் விட்டவை கூடிப்போனது. குறி தெளிவாக இருந்தபோதே இந்த நிலை. விவசாயிக்கு உதவி தேவைப்படுவதோ குறி மங்கலாக இருக்கும் தொடக்க நாட்களில். பாதி வயல் கருகிய பிறகு பெயர் சொல்வதற்கு நெட்வொர்க் எதற்கு?

நம் ஊரிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. அதையும் அவர் தொடவில்லை. 'பேடி டாக்டர்' என்ற நெல் இலைப் படத்தொகுப்பை உருவாக்கியவர்கள் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்களும் அவர்களின் கூட்டாளிகளும். அந்த வட்டாரத்து நிஜ வயல்களில் இறங்கி எடுத்த படங்கள். முப்பதாயிரத்துக்கு மேல் எடுத்து, மங்கலானவற்றையும் திரும்ப வந்தவற்றையும் கழித்து, வேளாண் வல்லுநரின் துணையோடு பெயரிட்டு, 16,225 படங்கள் தேறின. 12 நோய் வகைகளும் நல்ல இலையுமாக 13 வகுப்புகள். சிறந்த மாடலுக்கு எஃப்-1 அளவில் 97.5 சதவீதம் கிடைத்தது. பாராட்ட வேண்டிய உழைப்பு. ஆனால் அந்தப் படங்கள் 2021 பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, 40 முதல் 80 நாள் வயதுள்ள பயிரில் எடுத்தவை. நாற்றங்காலும் அறுவடையை நெருங்கிய கதிரும் அதற்கு வெளியே. அந்த 97.5 திருநெல்வேலி வயலுக்கு, அந்தப் பருவத்துக்கு, அந்த வயதுப் பயிருக்கு உரிய எண். அதைத் தூக்கிக்கொண்டு திருவாரூர் சம்பாவுக்குப் போகும் முன் அங்கே சோதித்துப் பார்க்க வேண்டும். சோதிக்க வேண்டுமானால் அங்கே ஒருவர் வயலில் இறங்கி 'இது குலைநோய், இது இலையுறைக் கருகல்' என்று பெயர் சொல்ல வேண்டும். யார் அந்த ஒருவர்? கட்டுரையாளர் வீட்டுக்கு அனுப்பச் சொல்லும் அதே ஆள்.

இனி அடிப்படைத் தவறுக்கு வருவோம். படத்தை வகைப்படுத்துவதும் நோயைக் கண்டறிவதும் ஒன்று என்று கட்டுரையாளர் நினைக்கிறார். நெல் வயலில் வரப்போரம் நின்றே இதைச் சோதித்துப் பார்க்கலாம். நடுக்குருத்து காய்ந்திருக்கிறது. படத்தில் தெரிவது ஒரு காய்ந்த குருத்து, அவ்வளவுதான். வயல் தெரிந்தவர் அதைப் பிடித்து இழுத்துப் பார்ப்பார். கையோடு உருவிக்கொண்டு வந்து, அடியில் கடித்த தடமும் இருந்தால் தண்டுத்துளைப்பான். எளிதில் வராமல் பிடிவாதம் பிடித்தால் வேறு காரணத்தைத் தேடுவார். இலை ஓரம் வெளுத்து அலை அலையாகக் காய்ந்திருந்தால் பாக்டீரியா இலைக்கருகலா என்ற சந்தேகம் வரும். இலையை வெட்டி, தெளிந்த தண்ணீர் உள்ள கண்ணாடி டம்ளரில் வெட்டுவாய் மூழ்கும்படி வைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பார்கள். சில நிமிடத்தில் பால்போல் மெல்லிய இழை வழிந்து இறங்கினால் பாக்டீரியா. காசு செலவில்லாத சோதனை. எந்தப் படத்துக்குள்ளும் அது இல்லை.

மஞ்சளித்த இலையை எடுத்துக்கொள்ளுங்கள். கீழே இருக்கும் பழைய இலை மஞ்சளித்தால் தழைச்சத்துக் குறைவு என்று நினைப்போம். மேலே புதிதாக வந்த இலை மஞ்சளித்தால் இரும்புச்சத்துப் பக்கம் யோசனை போகும். மஞ்சளும் ஆரஞ்சும் கலந்து, பயிர் குட்டையாகி, அங்கங்கே திட்டாக இருந்து, பச்சைத் தத்துப்பூச்சியும் பறந்தால் துங்ரோ நச்சுயிரி நினைவுக்கு வரும். இந்த மூன்றையும் பிரித்துக் காட்டுவது, அந்த இலை செடியில் எந்த இடத்தில் இருந்தது, பக்கத்துச் செடிகள் எப்படி இருக்கின்றன, போன வாரம் என்ன உரம் போட்டார்கள் என்பவை. இலையைப் பறித்துத் தாளில் வைத்துப் படம் எடுத்த கணமே இவ்வளவும் போய்விட்டது. புகையான் விஷயம் இன்னும் மோசம். பூச்சி இருப்பது தூரின் அடியில், தண்ணீருக்குச் சற்று மேலே. தூரை விலக்கிக் குனிந்து பார்க்காதவருக்கு அது தெரியாது. மேலே இலையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தால், வயல் வட்டத் திட்டுகளாகக் காயும்வரை செயலி 'பயிர் நலம்' என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.

கணக்கும் கட்டுரையாளருக்குச் சாதகமாக இல்லை. ஒரு வாதத்துக்கு, வயலிலேயே 95 சதவீதம் சரியாகச் சொல்லும் ஒரு செயலி கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நோயுள்ள நூறில் 95-ஐப் பிடிக்கும். நோயில்லாத நூறில் 95-ஐ விட்டுவிடும். ஒரு பகுதியில் ஆயிரம் செடிகளைப் படம் எடுக்கிறார்கள். உண்மையில் 20 செடிகளுக்குத்தான் நோய். செயலி அந்த 20-இல் 19-ஐப் பிடித்துவிடும், பலே. மீதி 980 நல்ல செடிகளில் ஐந்து சதவீதம், அதாவது 49 செடிகளையும் நோய் என்று சொல்லும். மொத்தம் 68 எச்சரிக்கைகள். அதில் 49 பொய். பத்து எச்சரிக்கையில் ஏழு வெறும் மிரட்டல். ஒவ்வொரு மிரட்டலுக்கும் விவசாயி மருந்துக் கடைக்கு ஓடுவார். தேவையில்லாத தெளிப்பு, கடன், செத்துப்போன நன்மை செய்யும் பூச்சிகள் என்று செலவுப் பட்டியல் நீளும். அலுவலரின் சம்பளத்தில் மிச்சம் பிடித்த கட்டுரையாளர் இந்தச் செலவை யார் பேரில் எழுதுவார்?

இனி கடலுக்குப் போவோம். அங்கே கட்டுரையாளரின் தைரியம் இன்னும் அதிகம். இறங்குதளத்தில் ஒரு கேமராவை மாட்டினால் போதுமாம்.

2016-17-இல் 'தி நேச்சர் கன்சர்வன்சி' அமைப்பு 'கேகிள்' தளத்தில் ஒரு போட்டி நடத்தியது. பரிசு 1,50,000 டாலர். பசிபிக்கின் சூரை மீன்பிடிப் படகுகளின் மேல்தளத்தில் மாட்டிய கேமராக்களின் படங்களைக் கொடுத்து, பிடிபட்டது எந்தச் சூரை, சுறாவா, வேறா என்று எட்டு வகையாகப் பிரிக்கச் சொன்னார்கள். பழக்கக் கொடுத்த படங்கள் 3,777. அவை சில படகுகளிலிருந்தே வந்தவை. ஒவ்வொரு படகிலும் சில மீன்களே அதிகம். விளைவு, பல போட்டியாளர்களின் நெட்வொர்க்குகள் மீனைவிடப் படகைப் பார்த்து விடை சொல்லப் பழகிவிட்டன. படத்தின் அளவே படகைக் காட்டிக்கொடுத்தது. படகு மீனைக் காட்டிக்கொடுத்தது. இறுதிச் சுற்றில் புதிய படகுகளின் படங்கள் வந்தபோது முதல் சுற்றில் மின்னிய மதிப்பெண்கள் பலருக்குக் கவிழ்ந்தன. இலைக்குப் பின்னால் தாள், மீனுக்குப் பின்னால் படகு. நோய் ஒன்றேதான்.

சாரா பீரி, கிராண்ட் வான் ஹார்ன், பியெத்ரோ பெரோனா ஆகிய மூவரும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில் இதற்கு ஒரு படச்சான்றே இருக்கிறது. பச்சைப் புல்வெளியில் நிற்கும் மாட்டை மாடு என்று தயங்காமல் சொல்லும் நெட்வொர்க், கடற்கரை மணலில் நிற்கும் மாட்டைக் கண்டு தடுமாறியது. பழக்கிய படங்களில் மாட்டோடு புல் வந்தது, மணல் வரவில்லை. இராமநாதபுரம் கடற்கரையில் மாடு நடந்துபோவதைப் பார்க்கும் சின்னப் பிள்ளை இதற்குச் சிரிக்கும்.

பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் இழுவைமடியில் வந்து குவிகிற காரல் மீனை எடுத்துக்கொள்வோம். வெள்ளி நிறத்தில் மின்னும் சின்ன மீன். தட்டையான உடம்பு, கையில் எடுத்தால் வழுக்கும் சளி. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல; உள்ளே பல இனங்கள். ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிக்கத் தெரிந்தவர் மீனின் வாயைப் பிடித்து முன்னால் இழுத்துப் பார்ப்பார். குழாய்போல நீளும் அந்த வாய் மேல்நோக்கிப் போனால் ஒரு பேரினம், கீழ்நோக்கி இறங்கினால் இன்னொன்று. உள்ளே கோரைப்பல் இருந்தால் வேறொன்று. வாயை மூடிக்கொண்டு பக்கவாட்டில் கிடக்கும் மீனின் படத்தில் இதில் எது தெரியும்? அதுவும் தனித்தனியாகக் கிடக்கவில்லை, குவியலாகக் கிடக்கிறது. கேமராவுக்குத் தெரிவது குவியலின் மேல்தோல். அடியில் என்ன என்று கூடையைக் கவிழ்த்துப் பார்க்கிறவருக்குத்தான் தெரியும்.

அதோடு, இறங்குதளத்தில் குறிப்பேட்டோடு நிற்பவர் மீனுக்குப் பெயர் சொல்ல மட்டும் அங்கே நிற்கவில்லை. 1947-இல் தொடங்கப்பட்டு இன்று கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், நாட்டின் கடல் மீன்பிடி அளவைக் கணக்கிடப் பல காலமாக ஒரு முறையைக் கடைப்பிடிக்கிறது. கரையைப் பகுதிகளாகப் பிரித்து, எந்த இறங்குதளம், எந்த நாள் என்பதைச் சமவாய்ப்பு முறையில் தேர்ந்து, அங்கே வந்த படகுகளில் சிலவற்றை எடுத்து அளந்து, மொத்தத்தை மதிப்பிடுகிறார்கள். என்ன வலை, எத்தனை மணி நேரம் இழுத்தார்கள், எவ்வளவு ஆழம், எத்தனை படகு கடலுக்குப் போனது என்று கேட்டு எழுதுகிறார்கள். கடலில் மீன் குறைகிறதா கூடுகிறதா என்பது இந்த உழைப்பின் கணக்கையும் சேர்த்துப் பார்த்தால்தான் புலப்படும். இதற்குப் பதிலாக மீனவர்கள் விரும்பி அனுப்பும் படங்களை எண்ணினால் போதும் என்கிறார் கட்டுரையாளர். யாராவது காரலைப் படம் எடுத்து அனுப்புவார்களா? பெரிய வஞ்சிரமும் அபூர்வமாகச் சிக்கிய ஏதோ ஒன்றும்தான் படத்தில் வரும். அந்தக் கணக்கை நம்பினால் நம் கடலில் வஞ்சிரம் மட்டுமே நீந்துவதாக முடிவுசெய்து சட்டம் போட வேண்டியதுதான்.

'மனிதர்கள் தவறுவதில்லையா?' என்று கேட்கிறார். தவறுகிறார்கள். பவளப்பாறைப் படங்களுக்குப் பெயரிடும் வல்லுநர்கள் ஒருவரோடு ஒருவர் முரண்படுவதை 2015-இல் ஆஸ்கர் பெய்பாமும் அவரது குழுவினரும் ஆய்ந்து வெளியிட்டார்கள். அந்த வல்லுநர்கள் சூட்டிய பெயர்களையே நெட்வொர்க் தின்று வளர்கிறது. அவர்களின் முரண்பாடும் அதன் வயிற்றுக்குள் போகிறது. வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. நல்ல வேளாண் அலுவலர் 'படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, தூரைப் பிடுங்கிப் பார்க்கணும்' என்பார். அந்த வாக்கியத்தை இந்தச் செயலிகளுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. ஒரு அலுவலர் தவறினால் அவருடைய சில கிராமங்களோடு சேதம் நிற்கும். பக்கத்து வட்டார அலுவலர் வேறு சொல்வார். விவசாயிகள் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஒரே செயலி தவறினால் மாவட்டம் முழுக்க ஒரே நாளில் ஒரே தவறு. அலுவலரின் சட்டையைப் பிடித்துக் கேள்வி கேட்கலாம். செயலியின் சட்டை எங்கே இருக்கிறது?

'கணினி வந்தபோதும் இப்படித்தான் எதிர்த்தார்கள்' என்ற கடைசி அம்பு எனக்குப் படாது. படத்தை வகைப்படுத்தும் நெட்வொர்க்குகளின் பயனை நான் மறுக்கவில்லை. 2015-இல் முடிந்த கடல் மிதவையுயிரிப் போட்டியில் முப்பதாயிரம் படங்களில் பழகி 121 வகைகளைப் பிரிக்கும் நெட்வொர்க்குகளைக் கட்டினார்கள்; பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகக் குழு வென்றது. கோடிக்கணக்கான படங்களை மனிதர் ஒவ்வொன்றாகப் பார்ப்பது நடக்காத காரியம். அங்கே எந்திரம் வேண்டும்.

எந்திரமும் மனிதரும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு டெக்சாஸ் மாநிலத்துப் போர்ட் அரான்சாஸில் 2008-இல் நடந்தது சாட்சி. கடல்நீரில் ஓயாமல் மிதவையுயிரிகளைப் படம் எடுக்கும் 'இமேஜிங் ஃப்ளோசைட்டோபாட்' என்ற கருவி அங்கே வைக்கப்பட்டிருந்தது. படங்களைத் தானாகப் பிரிக்கும் மென்பொருள் அதோடு இருந்தது. அது இன்றைய ஆழ்கற்றல் நெட்வொர்க்கைவிட எளிய வகை. அந்தப் படங்களில் டைனோபிசிஸ் என்ற நச்சுப்பாசி பெருகுவதை ஆய்வாளர்கள் கண்டுகொண்டார்கள். சிப்பிகளில் நச்சு இருப்பது ஆய்வகத்தில் உறுதியானது. சில நாட்களில் நடக்கவிருந்த ஃபுல்டன் சிப்பித் திருவிழாவுக்கு முன்பே அறுவடையை நிறுத்தி, சந்தைக்குப் போன சிப்பிகளையும் திரும்பப் பெற்றார்கள். எந்திரம் கண்விழித்திருந்தது. என்ன பார்க்கிறோம் என்று சொல்ல ஆய்வாளர் இருந்தார். நச்சை உறுதிசெய்ய ஆய்வகம் இருந்தது. நிறுத்து என்று உத்தரவிட அரசு இருந்தது. கட்டுரையாளரின் திட்டத்தில் இந்த நான்கில் மூன்றுக்கு வேலை இல்லை.

ஆக, அவர் கட்டுரையில் மிச்சம் நிற்பது ஒரு ஆசை: ஆளைக் குறைக்க வேண்டும். அதற்கு அறிவியலின் பெயரால் ஒரு எண் தேவைப்பட்டது, 99 கிடைத்தது. சிக்கனம் வேண்டும் என்று நேராகச் சொல்லியிருந்தால் அதை வைத்து வாதாடியிருக்கலாம். ஆப்பிள் இலையைக் காட்டி நெல் விவசாயியை ஏமாற்றியிருக்க வேண்டாம்.

வாசகர்களுக்கு ஒன்று. இனி எந்தச் செயலியைப் பற்றியும் யாராவது ஒரு சதவீதத்தைச் சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த ஊரில், எந்தப் பருவத்தில் எடுத்த படங்களில் சோதித்தீர்கள்? அந்தப் படங்களுக்குப் பெயர் சூட்டியவர் யார்? தெரியாத படம் வந்தால் 'தெரியாது' என்று சொல்லுமா? பதில் வராவிட்டால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. அரசுக்குச் சொல்ல வேண்டியதும் சுருக்கமானதே. காலியாகக் கிடக்கும் வேளாண், மீன்வளக் களப்பணியிடங்களை நிரப்புங்கள். அவர்கள் கையில் இந்தக் கருவியைக் கொடுங்கள். நம் வயலிலும் நம் கரையிலும் அதைச் சோதித்து முடிவை வெளியிடுங்கள். கட்டுரையாளரின் பரிந்துரையைத் தள்ளுபடி செய்யுங்கள்.